பீர்மேடு தந்த செங்கேணி

கோட்டயத்திலிருந்து குமுளிக்குப் போகும் பஸ் முண்டக்கயம் தாண்டி மலையேறத் தொடங்கினால் குட்டிக்கானம், பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியாறு என்று ஊர்கள் வரிசையாக வரும். ஏற ஏறக் காற்றில் குளிர் கூடும். கூடவே பஸ்ஸுக்குள் தமிழும் கூடும். கொழுந்துக் கூடையோடு ஏறும் பெண்கள், குமுளியில் இறங்கிக் கம்பத்துக்குப் பஸ் மாற வேண்டியவர்கள், ரேஷன் அரிசி பற்றியும் பிள்ளையின் பரீட்சை பற்றியும் பேசுகிறவர்கள் என்று தமிழுக்கு அங்கே குறைவே இல்லை. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. கோடு காகிதத்தில் விழுந்ததே தவிர, பேச்சில் விழவில்லை.

அந்தப் பீர்மேட்டில் பிறந்தவர் லிஜோமோள் ஜோஸ். தாய்மொழி மலையாளம். ஆனால் கேரளத்துக்கு அப்பால் இவர் பெயரை நிலைநாட்டியது தமிழ்ப் படம்தான். தமிழ்நாட்டில் பலருக்கு இவருடைய சொந்தப் பெயரே நினைவில் இருப்பதில்லை. "ஜெய் பீம் படத்தில் செங்கேணியாக வந்த பெண்" என்றால் உடனே தெரிந்துகொள்கிறார்கள். நடிகையின் பெயரை மறக்கச் செய்து பாத்திரத்தின் பெயரை நினைவில் நிறுத்துவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

புத்தக அடுக்கிலிருந்து காமிராவுக்கு

இவர் நடிகையாக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே நாட்டியமும் பாட்டும் பயின்று வந்தவர் வகையைச் சேர்ந்தவர் அல்ல. கொச்சியில் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு. மலையாளத் தொலைக்காட்சி ஒன்றில் துணை ஆசிரியர் வேலை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலை. எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்று படித்த பெண், எந்த அடுக்கிலும் அடங்காத தொழிலுக்கு வந்து சேர்ந்தார்.

பீர்மேட்டில் வளர்கிறவர் காதில் தமிழ் விழாமல் இருக்க வழியில்லை. புதுச்சேரியிலோ கடைத்தெருவுக்குப் போனாலே தமிழ் வேண்டும். தோட்டத்துத் தமிழும் கடற்கரைத் தமிழும் ஒரே காதில் விழுந்தது பிற்பாடு நன்றாகவே உதவியிருக்க வேண்டும்.

முதல் படம் 2016-ல் வந்த "மகேஷிண்டெ பிரதிகாரம்". திலீஷ் போத்தன் இயக்கி, ஃபகத் ஃபாசில் நடித்த அந்தப் படம் முழுக்க முழுக்க இடுக்கி மண்ணில் நடப்பது. அதில் சோனியா என்ற சிறிய வேடம் இவருக்கு. அதே ஆண்டில் நாதிர்ஷா இயக்கிய "கட்டப்பனையிலெ ருத்விக் ரோஷன்". அதுவும் இடுக்கிக் கதைதான். சொந்த மலையை விட்டு இறங்காமலே இரண்டு படங்களில் நடித்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தமிழுக்கு அழைத்து வந்தவர் டைரக்டர் சசி. "சொல்லாமலே", "பூ", "பிச்சைக்காரன்" ஆகிய படங்களால் வாசகர்கள் அறிந்தவர். அவருடைய "சிவப்பு மஞ்சள் பச்சை" 2019 செப்டம்பரில் வெளிவந்தது. ஜி.வி. பிரகாஷ்குமாருக்கு அக்காள், சித்தார்த்துக்கு மனைவி. தம்பிக்கும் கணவனுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் இழுபடும் ராஜி என்ற வேடம். படம் வழக்கமான வணிகப் படம்தான். ஆனாலும் கதாநாயகர்கள் இருவரும் மோதிக்கொள்ளும் படத்தில், நடுவில் நின்ற பெண்ணின் முகம் மனத்தில் தங்கியது. பிறகு 2021 மார்ச்சில் ராசு ரஞ்சித்தின் "தீதும் நன்றும்". அதில் திருச்சூர்ப் பெண் அபர்ணா பாலமுரளியும் உடன் நடித்தார். அந்தப் படம் அதிகம் பேசப்படவில்லை.

எலி பிடிக்கக் கற்ற நடிகை

2021 நவம்பர் 2-ந் தேதி "ஜெய் பீம்" வெளிவந்தது. கொட்டகைக்கு வராமல் அமேசான் பிரைம் வழியாக நேரே வீட்டுக்கு வந்த படம். த.செ. ஞானவேல் இயக்கம், சூர்யா, ஜோதிகா தயாரிப்பு. கதை 1993-ல் தென்னாற்காட்டுப் பகுதியில் நடந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. திருட்டுக் குற்றம் சாட்டிப் போலீசார் பிடித்துக்கொண்டு போன ஏழை ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் மனைவி கோர்ட் படி ஏறினாள். ஆட்கொணர்வு மனு போட்டு அவளுக்காக வாதாடிய வக்கீல் கே. சந்துரு. பின்னாளில் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டது குறவர் சமூகத்துக் குடும்பம். படத்தில் இருளர் குடும்பமாகக் காட்டினார்கள். சூர்யா வக்கீல், மணிகண்டன் கணவன் ராஜாக்கண்ணு, லிஜோமோள் மனைவி செங்கேணி.

இந்த வேடத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட சிரமம் பலருக்குத் தெரியாது. வாரக்கணக்கில் இருளர் மக்களோடு பழகி, அவர்கள் பேசும் பேச்சைக் காதில் ஏற்றிக்கொண்டார். செருப்பில்லாமல் நடந்து பழகினார். வயலில் எலி வளை தோண்டிப் பிடிக்கும் வேலையைக் கூடவே போய்க் கற்றார். அந்த எலிக்கறியைத் தின்று பார்த்ததையும் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஏழை வேடம் என்றால் முகத்தில் கரியைப் பூசிக் கிழிந்த சேலையை உடுத்திவிட்டால் போதும் என்று நினைக்கும் படவுலகில் இது சின்ன விஷயமல்ல. செருப்பில்லாமல் நடக்கிறவளின் நடை வேறு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறவளின் நடை வேறு. காமிராவுக்கு இரண்டும் தெரியும்.

படத்தில் இரண்டு இடங்கள். வயிற்றுப் பிள்ளையோடு, பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு செங்கேணி போலீஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறாள். மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. அதுவரை விரட்டிய அதே போலீசார் இப்போது வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம் என்கிறார்கள். அவள் ஏற மறுக்கிறாள். அவள் முன்னே நடக்க, ஜீப் பின்னே ஊர்ந்து வருகிறது. அந்த இடத்தில் வீர வசனம் எதுவும் கிடையாது. நடைதான் வசனம். வேறு நடிகையாக இருந்தால் ஒரு முறையாவது திரும்பிப் பார்த்துக் கண்ணை உருட்டியிருப்பார். இவர் திரும்பவே இல்லை.

மற்றொன்று, வழக்கை விட்டுவிட்டால் பணம் தருகிறோம் என்று பெரிய போலீஸ் அதிகாரி பேரம் பேசும் இடம். பணத்தை வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தால், நாளைக்கு இது ஏது என்று அவை கேட்கும்போது என்ன சொல்வது என்பதே அவள் கவலை. அந்தப் பதிலை லிஜோமோள் கத்திச் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. பலசரக்குக் கடையில் கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்கிற குரலில் சொல்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது.

இந்த நடிப்புக்காகத் தமிழில் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது 2022-ல் இவருக்குக் கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படமாகவும் "ஜெய் பீம்" தேர்வாயிற்று.

இரவல் குரல்

கேரளத்து நடிகைகள் தமிழுக்குப் புதியவர்கள் அல்லர். திருவிதாங்கூர்ச் சகோதரிகள் லலிதா, பத்மினி, ராகினி வந்தார்கள். "தில்லானா மோகனாம்பாள்" (1968) மோகனாவை எந்தத் தமிழரும் வேற்று மாநிலத்துப் பெண்ணாக நினைத்ததில்லை. மலையாளத்தில் கொடிகட்டிப் பறந்த ஷீலாவின் தொடக்கமே எம்.ஜி.ஆரின் "பாசம்" (1962) படத்தில்தான். அம்பிகா, ராதா, ரேவதி என்று பட்டியல் நீளும்.

ஆனால் இடையில் ஒரு வழக்கம் வேரூன்றியது. அழகான முகத்தை ஓரிடத்திலிருந்தும் குரலை வேறோரிடத்திலிருந்தும் கொண்டுவந்து ஒட்டுவது. கதாநாயகி உதட்டை அசைத்தால் போதும்; பேசுவதற்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொருவர் இருக்கிறார். அதனால் கதாநாயகிகள் எல்லோரும் ஒரே ஊரில், ஒரே தெருவில் பிறந்தவர்கள் போலப் பேசினார்கள். மதுரைக்காரியும் கோயமுத்தூர்க்காரியும் நாகர்கோவில்காரியும் ஒரே தமிழ். குரல் கொடுக்கிறவர்கள் மேல் பிழையில்லை. அவர்களில் பலர் திறமைசாலிகள். ஆனால் கூலிக்காரப் பெண்ணின் கதைக்கு இரவல் குரல் உதவாது. அவள் ஊரும் சாதியும் தொழிலும் பசியும் எல்லாம் அவள் பேச்சிலேயே இருக்கின்றன.

இதை முதலில் உணர்த்தியவர்களில் ஷோபாவைச் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த மலையாளக் குடும்பத்துப் பெண். துரை இயக்கிய "பசி" (1979) படத்தில் சென்னைச் சேரிப் பெண் குப்பம்மாவாக நடித்து நாட்டின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். மறு ஆண்டே, பதினேழு வயதில், மறைந்தார். நெடுநாள் கழித்து சசியின் "பூ" (2008) படத்தில் மாரியாக வந்த பார்வதியும் கேரளத்தவரே. அண்மையில் கொச்சிப் பெண் அன்னா பென். பி.எஸ். வினோத்ராஜின் "கொட்டுக்காளி" படத்தில் அவருக்கு ஏறக்குறைய வசனமே கிடையாது. படம் முழுவதும் ஆட்டோவில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார். கீழ்ச்சாதிப் பையனை விரும்பியதற்காகப் பேய் பிடித்ததென்று சொல்லி அவளைக் கோடாங்கியிடம் அழைத்துப் போகிறது குடும்பம். 2024 பிப்ரவரியில் பெர்லின் பட விழாவில் காட்டப்பட்டு, அதே ஆகஸ்டில் இங்கே வெளிவந்தது.

இந்த வரிசையில்தான் லிஜோமோள் வருகிறார். அழகுக்காகக் கூப்பிடப்பட்டவர்கள் அல்லர் இவர்கள், வேலைக்காகக் கூப்பிடப்பட்டவர்கள்.

ஒரு வீடு, ஒரு நாள்

இப்போது "சுயாதீன சினிமா" என்கிறார்கள். முன்பு கலைப்படம் என்பார்கள். அதற்கும் முன்பு ஓடாத படம் என்பார்கள். பெரிய நட்சத்திரம் இல்லாமல், பெரிய முதலாளியின் கட்டளை இல்லாமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நஷ்டத்துக்கும் துணிந்து எடுக்கும் படம். தமிழில் இதற்கு நல்ல பரம்பரை உண்டு. ஜெயகாந்தனின் "உன்னைப்போல் ஒருவன்" (1965), ஜான் ஆபிரகாமின் "அக்ரகாரத்தில் கழுதை" (1977). ஜான் ஆபிரகாம் கேரளத்தவர் என்பது கவனிக்கத்தக்கது. இன்றைக்கும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. பெருமாள்முருகனின் "கோடித்துணி" கதையை "அங்கம்மாள்" என்று தமிழில் படமாக்கிய விபின் ராதாகிருஷ்ணனும் மலையாளியே.

லிஜோமோள் நடித்த இத்தகைய படம் "காதல் என்பது பொதுவுடமை". இயக்கியவர் ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணன். முன்பு "லென்ஸ்", "தலைக்கூத்தல்" படங்களைத் தந்தவர். 2023-ல் கோவா சர்வதேசப் பட விழாவில் இந்தியன் பனோரமா பிரிவில் காட்டப்பட்ட இந்தப் படம், கொட்டகையைக் காண 2025 பிப்ரவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதை எளிமையானது. எளிமையானதென்று சொன்னாலும் தமிழ்க் குடும்பம் ஒன்று உட்கார்ந்து பார்க்கச் சங்கடப்படும் கதை. சாம் என்ற பெண், தான் காதலிப்பதாகத் தாயிடம் சொல்கிறாள். தாய் லட்சுமி (ரோகிணி) முற்போக்கானவள். சாதி மதம் பார்க்காதவள். யாராயிருந்தாலும் வீட்டுக்கு அழைத்து வா என்கிறாள். விருந்து தயாராகிறது. வாசலில் வந்து நிற்பது ஒரு பெண். நந்தினி என்ற அந்தப் பெண்ணாக நடித்தவர் அனுஷா பிரபு. பிரிந்து வாழும் தகப்பன் (வினீத்) வரவழைக்கப்படுகிறான். ஒரு வீட்டுக்குள், ஒரு நாளில், எல்லோருடைய முற்போக்கும் பரீட்சைக்கு வருகிறது.

இந்தப் பொருளைப் பற்றி வாசகர்களுக்குள் இரு கருத்து இருக்கலாம். சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பரில், வயது வந்த இருவர் மனமொத்து வாழும் இத்தகைய உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் ஒரு நாளில் மாறும். அடுக்களை ஒரு நாளில் மாறாது. படம் பேசுவது அடுக்களையைப் பற்றித்தான். ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன தாய், தன் வீட்டுப் பெண் என்றதும் திணறுகிறாள். அந்தத் திணறலை ஏளனம் செய்யாமல் காட்டியிருப்பது படத்தின் நல்ல குணம். குறையும் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் ஒருவருக்கொருவர் பேசாமல் பட்டிமன்றத்தில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே போகிறார்கள். ரோகிணியும் லிஜோமோளும் எதிரெதிரே வரும்போது மட்டும் பட்டிமன்றம் மறந்துபோகிறது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான் தெரிகிறது.

"ஜெய் பீம்" விருது வாங்கிய பிறகு பெரிய கதாநாயகனுக்கு ஜோடியாக நான்கு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வழியைத் தேடாமல் இப்படிப்பட்ட படத்தை ஒப்புக்கொண்டார் என்பதற்காகவே இவரைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே 2025 மார்ச்சில் ஜோஷுவா சேதுராமனின் "ஜென்டில்வுமன்" படத்தில் பூரணி என்ற மனைவி வேடம். அந்த ஆண்டு தொடக்கத்தில் மலையாளத்தில் "பொன்மான்": வரதட்சணை நகைக்காக அல்லல்படும் மணப்பெண்ணின் கதை. தங்க நகைக்காகச் சீட்டுக் கட்டுகிற வீடுகளில் அந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பாலக்காட்டுப் பக்கம்

இடுக்கிக்கு லிஜோமோள் என்றால், பாலக்காட்டுக்கு அனுமோள். இவர் 2009-ல் "கண்ணுக்குள்ளே" என்ற தமிழ்ப் படத்திலேயே அடியெடுத்து வைத்தவர். பிறகு மலையாளத்தில் "சாயில்யம்" போன்ற படங்களில் பெயர் வாங்கினார். தமிழ் மக்கள் அவரை நன்றாகக் கவனித்தது 2023 ஜனவரியில் வந்த "அயலி" தொடரில். முத்துக்குமார் இயக்கிய அந்தத் தொடர் புதுக்கோட்டைச் சீமையில் 1990-களில் நடப்பது. பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடும் கிராமம். டாக்டராக நினைக்கும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைத்துப் படிக்கிறாள். அவள் தாய் குருவம்மாள்தான் அனுமோள். முதலில் பயந்து, பிறகு பொய்க்கு உடந்தையாகி, கடைசியில் மகளையும் மிஞ்சுகிற தாய். பெண்ணைப் படிக்க வைப்பதற்காகச் சொன்ன பொய் என்ன பொய் என்று கேட்க வைக்கும் நடிப்பு.

பாலக்காட்டு எல்லையின் சங்கதியே தனி. வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு மொழியும் ஒரே நாக்கில் புரளும். பாலக்காடு தாலுகா 1956 வரை சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் இருந்தது; சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. எம்.ஜி.ஆரின் குடும்ப வீடு வடவன்னூரில் இருப்பதைப் பாலக்காட்டார் இன்றும் பெருமையாகக் காட்டுவார்கள். பொள்ளாச்சி ரயில் பாதையில் உள்ள முதலமடை ஸ்டேஷன் ஆலமர நிழலுக்காகவே பட முதலாளிகளுக்குப் பிரியமான இடம். 2015-ல் அகலப் பாதையாகித் திறந்த அந்தத் தடத்தில், டிக்கெட் வாங்காமல் ரயிலில் ஏறி டூயட் பாடிய ஜோடிகள் எத்தனையோ!

இடுக்கிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. மூணாறில் ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தோடு போயிற்று. இன்றுவரை அந்த மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. மலைக்குக் கீழே போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்ததுதான் பக்கத்து ஆறுதல்.

மலையின் கதை

அந்தப் போடி, தேவாரம், கோம்பை அடிவாரத்துக் கதையைத்தான் லெனின் பாரதி "மேற்குத் தொடர்ச்சி மலை" என்று எடுத்தார். விஜய் சேதுபதி தயாரிப்பு. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் இசை. 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம். முடிவில் அந்த நிலத்தில் காற்றாலை நிற்கிறது. காவல்காரனாக அவனே உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி ஈஸ்வரியாக நடித்தவர் காயத்ரி கிருஷ்ணா. கூட நடித்தவர்களில் பலர் அந்த மலையடிவார மக்கள். நடிப்பென்று தனியாக எதுவும் செய்யாமல், அன்றாடம் ஏறும் மலையை ஏறிக் காட்டினார்கள். இடுக்கித் தமிழரின் பாட்டன் பூட்டன் வந்த பாதை எது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல படம் இல்லை.

இந்த மலையில் பாட்டுக்கும் அரசியலுக்கும் பழைய உறவு உண்டு. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் தமிழில் பாடி வாக்குக் கேட்டதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏலத் தோட்டத்தில் களை எடுக்கவும் காய் பறிக்கவும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி அடைத்துக்கொண்டு மலையேறுகிற பெண்களின் கதை திரையில் எத்தனை முறை வந்திருக்கிறது? 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நாள் கூலி 232 ரூபாய். குறைக்கப்பட்ட போனசை இருபது சதவீதமாக்கக் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்காமல் தாங்களே பேசினார்கள். "பெம்பிளை ஒருமை" என்ற பெயர் அப்போது பிறந்தது. நாடே திரும்பிப் பார்த்த அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தமிழ்ப் படவுலகம்தான் சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலாவின் "பரதேசி" (2013) தேயிலைத் தோட்டக் கொடுமையைச் சொன்னது உண்மை. ஆனால் அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இன்றைய லயத்தில் இரண்டு அறைக்குள் மூன்று தலைமுறையாக வாழும் பெண்ணின் கதையைச் சொன்ன படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இருளர் பெண்ணாக நடிக்க, பீர்மேட்டுப் பெண் அவர்களிடம் போய்க் கற்றார். நல்லது. பீர்மேட்டு லயத்தில் பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்தி தன் கதையில் தானே நடிக்க யார் வந்து கேட்பார்கள்? இது லிஜோமோள் மேல் சொல்லும் குற்றமல்ல. அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். கேள்வி, கதை தேடிச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. குமுளி தாண்டினால் கதை காத்துக்கொண்டிருக்கிறது. நடிக்கவும் ஆள் இருக்கிறது. கல்லூரி ஆண்டு விழாக்களில் நாடகம் போடுகிற தோட்டத்துப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மலையாளமும் தமிழும் சரளமாகப் பேசி, இரண்டு மொழிப் படத்துக்கும் பொருந்தக்கூடியவர்கள் அவர்கள்.

பார்ப்பது எங்கே?

படம் வந்தாலும் பார்ப்பதுதான் பெரும்பாடு. பெரிய கதாநாயகனின் படம் என்றால் எல்லையோரக் கொட்டகைகளில் முதல் நாளே கூட்டம். "காதல் என்பது பொதுவுடமை" போன்ற படம் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஒரு வாரம் ஓடினால் அதிகம். சம்பள நாள் வருவதற்குள் போஸ்டர் மாறிவிடும். ஆகவே செல்போனே கதி. "ஜெய் பீம்" அமேசான் பிரைமிலும் "அயலி" ஜீ5-லும் வந்ததால் லயம்வரை எட்டின. மாதச் சந்தாவை நாலு வீட்டார் பங்கு போட்டுக்கொள்வதும், ஒரே போனைச் சுற்றி ஆறேழு தலை கூடுவதும் தோட்டங்களில் வாடிக்கை. சில லயங்களில் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறிப் படத்தை இறக்கிக்கொண்டு வருகிறார்கள்.

லிஜோமோளுக்கு இதற்குள் சொந்த மாநிலத்து மரியாதையும் வந்து சேர்ந்துவிட்டது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கேரள அரசின் திரைப்பட விருதுகளில், "நடன்ன சம்பவம்" படத்துக்காகச் சிறந்த குணச்சித்திர நடிகையாகத் தேர்வு பெற்றார். தமிழில் முதல் பெரிய விருது, அதற்கு மூன்று ஆண்டு கழித்துத் தாய்மொழியில் அரசு விருது. பீர்மேட்டுக் கடைத்தெருவில் இரண்டு மொழிக்காரர்களும் அவரைத் தங்கள் பெண் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.